எண் தொடரின் விதி பிடிபடவில்லையா? வித்தியாசங்களை எடுத்துப் பாருங்கள்

தொடர்வரிசைக் கணக்கில் சிக்கிக்கொண்டவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். எண்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொறி தட்டினால் விடை வரும். தட்டவில்லை என்றால், "எனக்குக் கணக்கு மூளை இல்லை" என்று தாளை மூடிவிடுவார்கள். அப்படி மூடிய தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பாடப்புத்தகத்திலும் தேர்வுகளிலும் வரும் தொடர்வரிசைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொறி தட்ட வேண்டிய அவசியமே இல்லை. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எடுத்து எழுதினால் போதும். அந்த வித்தியாசங்கள் நடந்துகொள்ளும் விதமே இது எந்த வகை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்கள் தாளில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் தாளில் மூன்று வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியில் இட எண்: 1, 2, 3, 4 என்று. அதன் கீழே தொடர்வரிசையின் உறுப்புகள். மூன்றாவது வரியில், ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் அதற்கு முந்தைய உறுப்பைக் கழித்து வரும் வித்தியாசங்கள். எப்போதும் பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க வேண்டும். குறைந்துபோகும் தொடராக இருந்தால் வித்தியாசம் கழித்தல் குறியோடு வரும். அந்தக் குறியை விட்டுவிடாதீர்கள். இட எண் வரியை "அதுதான் தெரியுமே" என்று பலர் எழுதுவதில்லை. விதி என்பது அந்த வரிக்கும் அதன் கீழே உள்ள வரிக்கும் இருக்கும் உறவுதான். ஒன்றை எழுதாமல் உறவைத் தேடினால் கிடைக்காது.

"அடுத்த எண் தெரிகிறது, நூறாவது எண் கேட்டால் நின்றுவிடுகிறேன்"

7, 11, 15, 19, 23. வித்தியாசம் எல்லா இடத்திலும் 4. அடுத்தது 27 என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நூறாவது உறுப்பு கேட்டால்தான் சிக்கல் வருகிறது. கையில் இருப்பது "முந்தையதோடு 4 கூட்டு" என்ற விதி. அது ஒவ்வொரு படியாக ஏறும் விதி. நூறாவதற்குப் போக 99 படி ஏற வேண்டும். நமக்கு வேண்டியது இட எண்ணைப் போட்டால் உறுப்பை நேராகத் தரும் விதி.

இங்கே அடிக்கடி வரும் தவறு, "4 × இட எண் + 7" என்று எழுதுவது. முதல் உறுப்பு 7, வித்தியாசம் 4, ஆகவே இப்படித்தான் என்று தோன்றும். இட எண்ணாக 1 போட்டுப் பாருங்கள்: 11 வருகிறது. முதல் உறுப்பு 11 இல்லை. ஒரு படி அதிகமாக ஏறிவிட்டோம்.

சரிசெய்வது எளிது. முதல் உறுப்புக்கு முன்னால் ஒரு படி பின்னே இறங்குங்கள்: 7 − 4 = 3. அந்த 3 தான் "பூச்சியமாவது" உறுப்பு. அங்கிருந்து எண்ணினால் விதி 4 × இட எண் + 3. நூறாவது உறுப்பு 403. முதலிலிருந்து 99 படி ஏறினாலும் 7 + 396 = 403 தான். இந்த ஒரு படிப் பிழை மற்ற எல்லா வகைகளிலும் தலைகாட்டும் என்பதால், எந்த விதி எழுதினாலும் இட எண் 1 போட்டு ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

"வித்தியாசம் ஒன்றாக இல்லை, ஆனால் ஒழுங்காக ஏறுகிறது"

5, 12, 23, 38, 57, 80.

வித்தியாசங்கள்: 7, 11, 15, 19, 23.

இந்த வித்தியாச வரியே சற்று முன் பார்த்த தொடர்வரிசை! அதை ஒரு தனித் தொடராக நினைத்து, அதற்கும் வித்தியாசம் எடுங்கள்: 4, 4, 4, 4. இரண்டாவது வித்தியாசத்தில் சமன்பட்டுவிட்டது. அப்படியானால் விதிக்குள் இட எண்ணின் வர்க்கம் இருக்கிறது.

எவ்வளவு வர்க்கம்? வர்க்க எண்களையே எடுத்துப் பார்த்தால் தெரியும். 1, 4, 9, 16, 25 என்பதன் வித்தியாசங்கள் 3, 5, 7, 9. இரண்டாவது வித்தியாசம் எப்போதும் 2. ஆக, ஒரு வர்க்கம் இருந்தால் இரண்டாவது வித்தியாசம் 2, இரண்டு வர்க்கம் இருந்தால் 4. நம் தொடரில் 4 வந்ததால் 2 × வர்க்கம். பாதியாக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு அறையில் பாதியா இரட்டிப்பா என்று குழம்புவதுண்டு. 1, 4, 9, 16 என்று நான்கு எண் எழுதிப் பார்த்தால் அந்தக் குழப்பம் அரை நிமிடத்தில் தீரும்.

இப்போது அந்த வர்க்கப் பகுதியைக் கழித்துவிடுங்கள்:

உறுப்புகள்: 5, 12, 23, 38, 57

2 × வர்க்கம்: 2, 8, 18, 32, 50

மிச்சம்: 3, 4, 5, 6, 7

மிச்சம் சாதாரணக் கூட்டுத் தொடர்: இட எண் + 2. ஆக முழு விதி: 2 × இட எண்ணின் வர்க்கம் + இட எண் + 2. ஆறாவது உறுப்பை நாம் கழித்தல் வேலையில் பயன்படுத்தவில்லை, எனவே சோதனைக்கு அதுவே சரியான ஆள்: 72 + 6 + 2 = 80. பொருந்துகிறது.

மூன்றாவது வித்தியாசம்தான் சமன்படுகிறது என்றால் கன எண் உள்ளே இருக்கிறது. 1, 8, 27, 64, 125 என்பதன் மூன்றாவது வித்தியாசம் 6, ஆகவே 6 ஆல் வகுக்க வேண்டும். நான்காவது என்றால் 24 ஆல். 2, 6, 24 என்று போகும் இந்த எண்கள் 1×2, 1×2×3, 1×2×3×4. பெரிய பகுதியைக் கண்டுபிடி, கழி, மிச்சத்துக்கு மறுபடி வித்தியாசம் எடு. இதே வேலைதான் திரும்பத் திரும்ப.

"எத்தனை முறை வித்தியாசம் எடுத்தாலும் சமன்படவில்லை, முதலில் பார்த்த எண்களே திரும்ப வருகின்றன"

இது எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி. பலர் இந்த இடத்தில், வித்தியாச முறை தோற்றுவிட்டது என்று கைவிடுகிறார்கள். உண்மையில் அது உரக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

3, 6, 12, 24, 48 என்பதன் வித்தியாசங்கள் 3, 6, 12, 24. அச்சாக அதே எண்கள். இது பெருக்குத் தொடர்வரிசை. பொது விகிதம் 2. விகிதம் 3 ஆக இருந்தால் வித்தியாசங்கள் அதே எண்களாக வராது, ஆனால் அவையும் மும்மடங்காகவே ஏறும்: 2, 6, 18, 54 என்பதற்கு 4, 12, 36. எனவே வித்தியாச வரியைப் பார்த்ததும் ஒன்றை ஒன்றால் வகுத்துப் பாருங்கள். வகுத்தால் ஒரே எண் வருகிறதா? அதுதான் விகிதம்.

வித்தியாசங்களை வகுத்தால் ஒரே எண் வருகிறது, உறுப்புகளை வகுத்தால் வரவில்லை என்றால்? 5, 11, 23, 47, 95 இந்த ரகம். உறுப்புகளின் விகிதம் 2.2, 2.09 என்று அலைகிறது. வித்தியாசங்களோ 6, 12, 24, 48. பெருக்கலோடு ஒரு கூட்டலும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பெருக்கும் எண் 2. கூட்டும் எண்ணைக் கண்டுபிடிக்க 11 − (5 × 2) = 1. ஆகவே "முந்தையதை இரட்டித்து 1 கூட்டு".

இதை நேரடி விதியாக மாற்ற ஒரு அருமையான வழி உண்டு. இந்த விதிக்குள் போட்டால் மாறாமல் அப்படியே வெளியே வரும் எண் எது என்று கேளுங்கள். −1 ஐ இரட்டித்தால் −2, 1 கூட்டினால் மறுபடி −1. இப்போது ஒவ்வொரு உறுப்பும் அந்த −1 இலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்: 6, 12, 24, 48, 96. கூட்டல் காணாமல் போய், சுத்தமான பெருக்குத் தொடர் மட்டும் நிற்கிறது. 3 ஐ இட எண் தடவை 2 ஆல் பெருக்கி, கடைசியில் 1 கழித்தால் உறுப்பு. கூட்டும் எண் எதுவானாலும், பெருக்கும் எண் 1 ஆக இல்லாதவரை, இந்த வழி வேலை செய்யும்.

அப்புறம், விகிதமே ஏறிக்கொண்டு போகும் தொடர்களும் உண்டு. 1, 2, 6, 24, 120, 720 இல் விகிதங்கள் 2, 3, 4, 5, 6. வித்தியாசத்துக்கு ஒரு வரி எழுதுவதுபோல விகிதத்துக்கும் ஒரு வரி எழுதினால் இது உடனே தெரிந்துவிடும்.

இதே அறிகுறியின் இன்னொரு முகம்: வித்தியாசங்களில் அதே எண்கள் வருகின்றன, ஆனால் இடம் தள்ளி வருகின்றன.

1, 1, 2, 3, 5, 8, 13, 21

வித்தியாசங்கள்: 0, 1, 1, 2, 3, 5, 8

எவ்வளவு தள்ளி என்று பார்ப்பதுதான் இங்கே முக்கியம். 13 − 8 = 5. அந்த 5, எட்டுக்குச் சரியாக ஓரிடம் முன்னால் இருக்கிறது. ஆக 13 = 8 + 5; ஒவ்வொரு உறுப்பும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. ஃபிபனாச்சி எண்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த வரிசை இது. இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபனாச்சி 1202 இல் முயல் கணக்காக இதை எழுதுவதற்கு முன்பே, 12 ஆம் நூற்றாண்டில் சமண அறிஞர் ஹேமச்சந்திரர் யாப்புக் கணக்கில் இந்த எண்களைச் சொல்லியிருக்கிறார். ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை அசைகளை வைத்து நான்கு மாத்திரை நீள அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்? 5 விதம். ஐந்து மாத்திரைக்கு 8. கடைசி அசை ஒரு மாத்திரை என்றால் அதற்கு முன் நான்கு மாத்திரை இருக்கும், இரண்டு மாத்திரை என்றால் மூன்று இருக்கும்; அதனால்தான் முந்தைய இரண்டு விடைகளையும் கூட்ட வேண்டியிருக்கிறது. விதி ஏன் அப்படி இருக்கிறது என்பது இப்படித் தெரிந்துவிட்டால் அப்புறம் மறக்கவே மறக்காது.

இப்போது இதைப் பாருங்கள்: 1, 1, 1, 2, 3, 4, 6, 9, 13, 19. வித்தியாசங்கள் 0, 0, 1, 1, 1, 2, 3, 4, 6. இங்கேயும் பழைய எண்களே, ஆனால் இன்னும் ஓரிடம் கூடுதலாகத் தள்ளி. 19 − 13 = 6; அந்த 6, பதின்மூன்றுக்கு இரண்டிடம் முன்னால் இருக்கிறது. ஆக ஒவ்வொரு உறுப்பும், தனக்கு முந்தையதும் அதற்கும் இரண்டிடம் முந்தையதும் சேர்ந்தது. 14 ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் நாராயண பண்டிதரின் பசுக் கணக்கில் வரும் எண்கள் இவை. ஆண்டுக்கொரு கன்று ஈனும் பசு. அந்தக் கன்றும் நான்காவது ஆண்டிலிருந்து ஈனத் தொடங்கும். வளர எடுக்கும் காலம்தான் அந்தத் தள்ளல்.

"ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது"

3, 10, 5, 20, 7, 40, 9, 80. வித்தியாசங்கள் 7, −5, 15, −13, 33, −31, 71. குறி மாறி மாறி வருகிறது. ஒரே கயிற்றில் இரண்டு தொடர்களைப் பின்னியிருக்கிறார்கள். ஒற்றைப்படை இடங்களை மட்டும் எடுங்கள்: 3, 5, 7, 9. இரட்டைப்படை இடங்கள்: 10, 20, 40, 80. இரண்டையும் தனித்தனியாகத் தீர்த்தால் முடிந்தது. 1, −4, 9, −16 போல உறுப்புகளின் குறியே மாறி மாறி வந்தால், குறியை எல்லாம் நீக்கிவிட்டு எண்ணைத் தீர்த்து, கடைசியில் குறியைத் திருப்பிப் போடுங்கள்.

இறங்காமலேயே இரண்டு வேலை மாறி மாறி நடப்பதும் உண்டு. 1, 2, 5, 10, 13, 26, 29 என்பதன் வித்தியாசங்கள் 1, 3, 5, 3, 13, 3. ஒன்றுவிட்டு ஒன்று 3 வருகிறது. அந்த இடங்களில் 3 கூட்டியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் இரட்டித்திருக்கிறார்கள்.

"பின்னங்களாக இருக்கிறது, எதுவும் ஒட்டவில்லை"

1/3, 1/2, 3/5, 2/3, 5/7, 3/4. தொகுதிகள் 1, 1, 3, 2, 5, 3. பகுதிகள் 3, 2, 5, 3, 7, 4. இரண்டிலும் ஒழுங்கு இல்லை. காரணம், யாரோ பின்னங்களைச் சுருக்கிவிட்டார்கள். ஒற்றைப்படை இடங்களில் இருப்பவை 1/3, 3/5, 5/7. அங்கே தொகுதியும் இட எண்ணும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். அப்படியானால் இரண்டாவது இடத்தில் தொகுதி 2 ஆக இருந்திருக்க வேண்டும்: 1/2 என்பது 2/4. நான்காவது 4/6, ஆறாவது 6/8. சுருக்கியதைப் பிரித்துவிட்டால் 1/3, 2/4, 3/5, 4/6, 5/7, 6/8 என்று பளிச்சென்று தெரிகிறது. பின்னத் தொடர்களில் வித்தியாசம் எடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

"எல்லாம் சரியாகப் போகிறது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் கெடுகிறது"

கேள்வியிலேயே அச்சுப்பிழை இருக்கலாம், அல்லது நீங்கள் எழுதிக்கொள்ளும்போது ஓர் எண் மாறியிருக்கலாம். "தவறான எண்ணைக் கண்டுபிடி" என்றே கேள்வியும் வரும். வித்தியாச அட்டவணையின் முழு அழகும் தெரிவது இந்த இடத்தில்தான்.

5, 12, 23, 38, 59, 80, 107, 138

முதல் வித்தியாசம்: 7, 11, 15, 21, 21, 27, 31

இரண்டாவது: 4, 4, 6, 0, 6, 4

உறுப்புகளை மட்டும் பார்த்தால் எந்த எண்மீதும் சந்தேகம் வராது. முதல் வித்தியாசத்தில் லேசான தடுமாற்றம். இரண்டாவது வித்தியாசத்தில் 6, 0, 6 என்று காயம் அப்பட்டமாகத் தெரிகிறது. 4 இருக்க வேண்டிய இடங்களில் 2 கூடுதல், 4 குறைவு, 2 கூடுதல். இந்த 2, −4, 2 என்ற வடிவம் தற்செயல் இல்லை. ஓர் உறுப்பில் 1 கூடிவிட்டால் அது முதல் வித்தியாசத்தில் 1, −1 என்று இரண்டு இடங்களைக் கெடுக்கும். இரண்டாவதில் 1, −2, 1. மூன்றாவதில் 1, −3, 3, −1. பிழை எவ்வளவோ அதனால் இந்த வடிவத்தைப் பெருக்கினால் தாளில் காண்பது கிடைக்கும். இங்கே 2 ஆல் பெருக்கியிருக்கிறது, ஆக பிழையின் அளவு +2. நடுவில் உள்ள 0, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது உறுப்புகளிலிருந்து வந்தது; அவற்றில் நடு உறுப்பு ஐந்தாவது. 59 இலிருந்து 2 ஐக் கழித்தால் 57. மேலே பார்த்த அதே தொடர்வரிசை திரும்பக் கிடைத்துவிட்டது.

சமன்பட வேண்டிய எண் எது என்றே தெரியாவிட்டால்? 1, −2, 1 ஐக் கூட்டினால் 0. அதாவது ஒரு பிழை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இரண்டாவது வித்தியாசங்களின் கூட்டுத்தொகையை மாற்றாது, அது நடுவில் இருந்து வடிவம் முழுதாகத் தெரியும்வரை. 4 + 4 + 6 + 0 + 6 + 4 = 24; ஆறால் வகுத்தால் 4. கெட்டுப்போன அட்டவணையே சரியான எண்ணைத் தன்னுள் வைத்திருக்கிறது.

கணினி வருவதற்கு முன் மடக்கை அட்டவணைகளைக் கையால் கணக்கிட்டவர்கள் பிழை பிடித்தது இப்படித்தான். அந்த அட்டவணைப் பிழைகளால் நொந்துபோன ஆங்கிலக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ், வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போகும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்து, 1822 இல் அதன் சிறிய மாதிரியைச் செய்துகாட்டினார். பெருக்கல் தேவையில்லை, கடைசி வித்தியாசம் சமமாக இருக்கும்வரை வெறும் கூட்டலாலேயே அடுத்த உறுப்பு வந்துவிடும் என்பதுதான் அதன் அடிப்படை. பிற்பாடு அவர் வரைந்த இரண்டாவது வடிவமைப்பை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991 இல் கட்டி முடித்தபோது, அது ஏழாவது வித்தியாசம் வரை 31 இலக்க எண்களோடு வேலை செய்தது. உங்கள் தாளில் மூன்றாவது வரியில் எழுதுவதைத்தான் அந்த இயந்திரம் உலோகச் சக்கரங்களில் செய்கிறது.

"வித்தியாசத்தில் எந்த ஒழுங்கும் இல்லை"

முதலில் கழித்தலைச் சரிபாருங்கள். அப்படியும் இல்லை என்றால், விதி கூட்டல் பெருக்கலில் இல்லாமல் வேறெங்கோ இருக்கிறது.

உறுப்புகளைக் காரணிகளாக உடைத்துப் பாருங்கள். 2, 3, 5, 7, 11, 13, 17 என்பதன் வித்தியாசங்கள் 1, 2, 2, 4, 2, 4, ஒன்றும் ஆகாது. காரணி தேடினால் எதற்கும் காரணி இல்லை, அதுவே விடை: பகா எண்கள். ஒழுங்கு உள்ள தொடர்களிலும் காரணிகள் உதவும். 6, 24, 60, 120, 210 ஐ வித்தியாசத்தால் தீர்க்கலாம்தான். ஆனால் 1×2×3, 2×3×4, 3×4×5 என்று உடைத்துவிட்டால் விதி உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது.

அடுத்து இலக்கங்கள். 1, 2, 4, 8, 16, 23, 28, 38, 49: ஒவ்வோர் எண்ணோடும் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைச் சேர்த்திருக்கிறார்கள். 16 + 1 + 6 = 23. 1, 11, 21, 1211, 111221 போன்றவற்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும். முதல் உறுப்பில் "ஒரு 1" இருக்கிறது, ஆகவே 11. அதில் "இரண்டு 1", ஆகவே 21. அதில் "ஒரு 2, ஒரு 1", ஆகவே 1211. அடுத்தது 312211. ஜான் கான்வே என்ற கணித அறிஞர் இதை ஆழமாக ஆராய்ந்திருக்கிறார். எவ்வளவு தூரம் போனாலும் இதில் 4 என்ற இலக்கம் வரவே வராது.

கணிதமே இல்லாமலும் இருக்கலாம். 31, 28, 31, 30, 31, 30, 31, 31 என்பது மாதங்களின் நாட்கள்.

இதெல்லாம் செய்தும் நகரவில்லை என்றால் தேடிப் பார்ப்பதில் தவறே இல்லை. கணித அறிஞர் நீல் ஸ்லோன் மாணவராக இருந்தபோது 1964 இல் தொடர்வரிசைகளைச் சேகரிக்கத் தொடங்கினார். 1973 இல் 2372 தொடர்வரிசைகளோடு புத்தகமாக வந்தது, 1996 முதல் இணையத்தில் இருக்கிறது. ஓஇஐஎஸ் (OEIS) என்று அழைக்கப்படும் அந்தக் கலைக்களஞ்சியத்தில் இப்போது 3.5 இலட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. தேடும்போது ஆறு உறுப்புகளாவது கொடுங்கள். கிடைக்காவிட்டால் முதல் ஒன்றிரண்டு உறுப்புகளை விட்டுவிட்டுத் தேடுங்கள். தொடக்கம் எங்கே என்பதில் ஆளுக்கு ஆள் மாறும். எல்லாவற்றுக்கும் பொதுவான காரணி இருந்தால் வகுத்துவிட்டுத் தேடுங்கள். வித்தியாச வரியையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். கிடைத்த பிறகு எண்கள் பொருந்துவதோடு நின்றுவிடாமல், அந்தத் தொடர் எதை எண்ணுகிறது என்ற விளக்கத்தைப் படியுங்கள். ஏன் என்பது அடுத்த அறிகுறியில் வருகிறது.

"விதி எல்லா எண்களுக்கும் பொருந்தியது, ஆனால் அடுத்த எண் தப்பு என்கிறார்கள்"

இது நடந்தால் மனம் விட்டுப்போகும், எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு வட்டத்தின்மீது புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நாணால் இணைத்தால் வட்டம் எத்தனை துண்டாகும்? ஒரு புள்ளிக்கு 1. அப்புறம் 2, 4, 8, 16. ஆறு புள்ளிக்கு 32 என்று எழுதிவிட்டு, சரிபார்க்கப் படம் வரைந்தேன். சம இடைவெளியில் அழகாக ஆறு புள்ளி வைத்து எண்ணினால் 30 வந்தது. அழித்துவிட்டு, புள்ளிகளைக் கொஞ்சம் தாறுமாறாக வைத்து மறுபடி எண்ணினேன். 31. எத்தனை முறை எண்ணியும் அந்த முப்பத்திரண்டாவது துண்டு கிடைக்கவே இல்லை.

இல்லாத துண்டு எப்படிக் கிடைக்கும்? 30 வந்ததற்குக் காரணம், சம இடைவெளியில் மூன்று நாண்கள் நடுவில் ஒரே புள்ளியில் சந்தித்து ஒரு துண்டை விழுங்கிவிட்டன. தாறுமாறாக வைத்தால் வருவது 31. அதுதான் சரியான விடை.

இதை வித்தியாச அட்டவணையில் போட்டுப் பாருங்கள்.

1, 2, 4, 8, 16

1, 2, 4, 8

1, 2, 4

1, 2

1

கடைசி வரியில் ஒரே ஒரு 1 தனியாக நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் 2 வந்தால் இது இரட்டிப்புத் தொடர், அடுத்த உறுப்பு 32. பக்கத்தில் மறுபடி 1 வந்தால் நான்காவது வித்தியாசத்தில் சமன்படும் தொடர், அடுத்த உறுப்பு 31. சற்று முன் பார்த்த இலக்கக் கூட்டல் விதிப்படி 23. ஐந்து எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மூன்றில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை எண்கள் கொடுத்தாலும் அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு பல்லுறுப்புக்கோவையை எப்போதும் உருவாக்கிவிடலாம் என்பதால், பொருந்துவது மட்டுமே சான்றாகாது.

ஆகவே சமன்பட்டது என்று சொல்வதற்கு முன், அந்த வரியில் குறைந்தது மூன்று எண்களாவது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதாவது இரண்டாவது வித்தியாசத்தை நம்புவதற்கு ஐந்து உறுப்புகள் வேண்டும், நான்காவதை நம்ப ஏழு. கொடுத்திருப்பது குறைவு என்றால், விதியைக் கண்டுபிடிக்கும்போது கடைசி உறுப்பைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். விதி எழுதி முடித்த பிறகு திறந்து பாருங்கள். விதியை அமைக்க உதவிய உறுப்பு அந்த விதிக்குச் சாட்சி சொல்ல முடியாது.

நிறைய உறுப்புகள் பொருந்தினால்கூட இது தீராமல் போகலாம். இட எண்ணின் வர்க்கத்தோடு இட எண்ணையும் 41 ஐயும் கூட்டிப் பாருங்கள்: பூச்சியத்தில் தொடங்கினால் 41, 43, 47, 53, 61. எல்லாம் பகா எண்கள். கணித அறிஞர் ஆய்லர் 1772 இல் குறிப்பிட்ட இந்தக் கோவை 39 வரை தவறாமல் பகா எண்களையே தரும். 40 போட்டால் 1681, அது 41 × 41. நாற்பது உறுப்புகள் தொடர்ந்து பொருந்திய பிறகு ஒரு விதி உடைகிறது.

எண்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால் அங்கே போய்க் கேட்பதே நிச்சயமான வழி. வட்டத்தில் ஒரு புதிய நாணைப் போடும்போது ஒரு துண்டு கூடுகிறது. அது ஏற்கெனவே உள்ள நாண்களை வெட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் இன்னொரு துண்டு கூடுகிறது. ஆக மொத்தத் துண்டுகள் = 1 + நாண்களின் எண்ணிக்கை + வெட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை. இரண்டு புள்ளிகளுக்கு ஒரு நாண். நான்கு புள்ளிகளுக்கு வட்டத்துக்குள் ஒரு வெட்டுப்புள்ளி. ஆறு புள்ளிகளிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க 15 வழி, நான்கைத் தேர்ந்தெடுக்கவும் 15 வழி. 1 + 15 + 15 = 31. நான்கு நான்காகத் தேர்ந்தெடுப்பதால்தான் நான்காவது வித்தியாசம் சமன்படுகிறது.

ஏழு புள்ளிக்கு 1 + 21 + 35 = 57. அப்புறம் 99, 163. பத்துப் புள்ளிக்கு 1 + 45 + 210 = 256, திரும்பவும் 2 இன் அடுக்கு. இரட்டிப்பு விதிப்படி அந்த இடத்தில் 512 இருந்திருக்க வேண்டும்.